ஐம்பத்தெட்டு காட்டிய கத்திகள்

1. பொட்டு

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் விடுமுறை விட்டு, நான்காம் நாள் காலை தொழிற்சாலையைத் திறந்தோம். வாசலில் வாழைக்கன்று வாடித் தொங்கியது. கிரைண்டிங் மெஷின்களின் மேல் பொரி சிதறிக் கிடந்தது. அசெம்பிளி பிரிவைக் கவனிக்கும் செல்வி அக்கா, பூஜைத் தட்டில் இருந்த மடக்குக் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் பையை வைப்பதற்குள் கூப்பிட்டார்.

"எஸ்தரு, இங்க வா. இந்தப் பொட்டு போவ மாட்டேங்குது."

"நல்லாத் தொடைங்கக்கா. குங்குமம் காஞ்சி போயிருக்கும்."

"குங்குமம் அப்பவே போயிடுச்சுடி. அதுக்குக் கீய இருக்கிறதுதான் போவல."

கத்தியை வாங்கிப் பார்த்தேன். பிளேடின் நடுவில், பொட்டு இருந்த இடத்தில், வட்டமாகப் பழுப்பு நிறம். நகத்தால் சுரண்டினால் நகம் சின்னக் குழிகளில் தட்டியது. துரு.

அந்தக் கத்திக்கு எஃகு தேர்ந்தெடுத்தது நான். துரு பிடிக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான். எட்டு நாளில் மாதிரிக் கத்திகள் பெங்களூருக்குப் போக வேண்டும்.

நான் படித்த பாலிடெக்னிக்கிலிருந்து, வேலைக்கு வரப்போகும் மாணவிகளுக்காக ஓர் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நன்றாக நடந்த காரியங்கள் சில உண்டு. அவற்றைவிட இதுதான் உங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நாலு வரி. ஊர் ஆரம்பாக்கம். அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அப்பா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலை பார்க்கிறார். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்து அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான், உலோகவியலில் டிப்ளமோ. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். பணிவாக எழுத எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

2. மூன்று எஃகு

எங்கள் தொழிற்சாலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. முப்பது பேருக்கும் குறைவு. சமையலறைக் கத்தி, செடி வெட்டும் கத்தரி செய்கிறோம். போன வருடம், மலையேற்றத்துக்கும் பயணத்துக்கும் பொருள் விற்கிற பெங்களூர் கம்பெனி ஒன்று எங்களிடம் ஒரு மடக்குக் கத்தி கேட்டது. தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற சின்னக் கத்தி. பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க.

முதலாளி வரதராஜுலு சார் என்னையும் டூல் ரூம் தனசேகரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"கிச்சன் கத்திக்குப் போடுற நானூத்தி இருபது ஸ்டீலே போட்டுடலாம். கையில ஸ்டாக் கீது. இன்னா சொல்றீங்க?"

தனசேகர் முந்திக்கொண்டார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தகட்டை அழுத்தி வெட்டும் அச்சுகளான டை, பஞ்ச் செய்வதில் கெட்டிக்காரர். அதை அவரே தினமும் இரண்டு தடவை சொல்வார்.

"அது ரெண்டு நாள்ல மொண்ணையாப் பூடும் சார். எச்.சி.எச்.சி.ஆர். போடுங்க. என் பஞ்ச்செல்லாம் அதுலதான் கீது. மூணு வருஷமா வேல செஞ்சிக்கினு கீது."

"உங்க பஞ்ச்ச யாரும் பாக்கெட்ல போட்டுக்கினு வேர்வையில நடக்கறதில்ல அண்ணே," என்றேன்.

"அப்ப நீயே சொல்லு மேதாவி."

நான் நானூற்று நாற்பது சி என்ற எஃகைச் சொன்னேன். காரணம் கடினமில்லை. கத்தி எஃகில் மூன்று குணம் பார்க்க வேண்டும்: கூர் எத்தனை நாள் நிற்கிறது, துரு எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, மழுங்கினால் வீட்டில் தீட்ட முடிகிறதா. மூன்றும் முழுசாக ஒரே எஃகில் கிடைக்காது. ஒன்றில் ஏற்றினால் இன்னொன்றில் இறங்கும். நானூற்று இருபது துருவைத் தாங்கும், தீட்டுவதும் சுலபம், கூர் நிற்காது. டை செய்கிற எஃகான எச்.சி.எச்.சி.ஆரில் கூர் நிற்கும். ஆனால் அது முழு ஸ்டெயின்லெஸ் அல்ல, எண்ணெய் தடவாமல் விட்டால் துரு பிடிக்கும். நானூற்று நாற்பது சி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கடினத்தன்மை ராக்வெல் மெஷினில் ஐம்பத்தெட்டு வந்தால் போதும். அதற்கு மேல் போனால் விளிம்பு பொடியாக உதிரும். கீழே போனால் சீக்கிரம் மழுங்கும்.

"புக்குல இருக்கறத சொல்றே," என்றார் சார். "கையில வச்சிருக்கறவன் இன்னா சொல்றான்னு கேட்டுக்கினு வா."

அது சரியான பேச்சு. நான் படித்த பாலிடெக்னிக்கின் சின்ன உலையில் சுட்டு, மூன்று எஃகிலும் ஒவ்வொரு கத்தி செய்தோம். காட்டுப்பள்ளியில் கப்பல் வேலையில் ரிக்கிங் பிரிவில் இருக்கும் என் சித்தப்பாவிடம் கொடுத்தேன். நாள் முழுக்கக் கயிறு, உப்புக் காற்று, வியர்வை. இதைவிடக் கடினமான சட்டைப்பை எனக்குத் தெரியாது. எது எந்த எஃகு என்று சொல்லவில்லை. பிடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயின்ட்டில் எழுதியிருந்தேன். பதினைந்து நாள் கழித்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"ஒண்ணு நைலான் கயிறு அறுத்தா பல்லு போன கெயவி மாரி மெல்லுது," என்றார். "ரெண்டு ஜோரா அறுக்குது. ஆனா என் இடுப்பு வேர்வைக்கே சிவப்பாப் பூத்துக்குது. தோ பாரு. மூணு பரவால்ல."

"பரவால்லன்னா இன்னா சித்தப்பா?"

"பரவால்லன்னா திருப்பிக் குடுக்க மாட்டேன்னு அர்த்தம்."

மூன்று என்பது நானூற்று நாற்பது சி. சொன்னபடியே அதை அவர் திருப்பித் தரவில்லை.

நான் ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதி சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"கீய கையெயுத்துப் போடு. நாளைக்கி எதுனா ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

அதுவரை நான் போட்ட கையெழுத்தெல்லாம் பிறர் எடுத்த முடிவைச் சரிபார்த்தேன் என்பதற்கு. முடிவு என்னுடையது என்று போட்ட முதல் கையெழுத்து அதுதான். இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினேன்.

3. பாய் பட்டறை

எஃகைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. கடையிலிருந்து வரும்போது அது மென்மையாக இருக்கும். வெட்டி, துளை போட்டு, பிறகு ஹீட் ட்ரீட்மென்டுக்கு அனுப்ப வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி எண்ணெயில் முக்குவார்கள். அப்போது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கீழே போட்டால் உடையும். அதனால் மறுபடி குறைந்த சூட்டில் வைத்துக் கொஞ்சம் தளர்த்துவார்கள். அதற்குத்தான் டெம்பரிங் என்று பெயர்.

இந்த வேலையை எங்களுக்குச் செய்து கொடுப்பது, இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் பாஷா பாய். இருபது பிளேடு முதலில் போனது. நானும் கூடப் போனேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, பிளேடு தொலைஞ்சி பூடும்னு காவலுக்கு வந்தியா?"

"இருநூறு டிகிரில டெம்பரிங் வேணும் பாய். பாத்துட்டுப் போறேன்."

அவருடைய பெரிய டெம்பரிங் உலை அப்போது வேறு சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு மூலையில் இருந்த சின்ன ஓவனை எனக்காகப் போட்டார். அதில் இருபது பிளேடுக்கு மேல் வைக்க இடமில்லை. நானே டயலைப் பார்த்து, இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, எடுத்து வந்தேன். அந்த இருபதிலும் அச்சாணித் துளைக்குப் பக்கத்தில் 'ஏ' என்று பஞ்ச் அடித்தேன்.

அடுத்து நூறு பிளேடு. அன்று எனக்கு வேறு ஓர் ஆடிட் இருந்தது. ஜாப் கார்டு எழுதி, டெம்போவில் அனுப்பினேன். கார்டில் எஃகின் பெயர், எண்ணிக்கை, கடினத்தன்மை ஐம்பத்தேழிலிருந்து ஐம்பத்தொன்பது, என் கையெழுத்து. இரண்டு நாளில் திரும்பி வந்தன. அவற்றில் 'பி' அடித்தேன். ராக்வெல் மெஷினில் வைத்தேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழரை. ஐம்பத்தெட்டு. நூறையும் பாஸ் செய்தேன்.

பிறகு கிரைண்டிங், பாலிஷ், அசெம்பிளி. பூஜைக்கு முதல் நாள் நூற்றிருபது கத்தியும் தயார். மெஷினுக்கும் கம்ப்ரெஸருக்கும் டூவீலருக்கும் பொட்டு வைக்கிற நாளில் புதுக் கத்தியை விடுவார்களா? செல்வி அக்கா நாற்பது கத்திகளை விரித்துத் தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை அதே கத்தியில் வெட்டி, குங்குமம் தோய்த்து, தட்டின் மேலேயே பிழிந்தார்கள். நானும் பக்கத்தில் நின்று பொரி தின்றுகொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. பூஜையில் வைத்த கருவியை எடுக்கக் கூடாது என்பதால் மூன்று நாள் அப்படியே இருந்தன.

4. நாற்பதில் ஏழு

செய்தி பத்து நிமிடத்தில் தொழிற்சாலை முழுக்கப் பரவியது. தனசேகர் டூல் ரூமிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா எஸ்தரு, உன் ஸ்டெயின்லெஸ்ஸு சாமிக்கே தாங்கல. மனுசன் வேர்வைக்கு எப்பிடித் தாங்கும்?"

"உங்க எச்.சி.எச்.சி.ஆர்.-ல பொட்டு வச்சிருந்தா இந்நேரம் ஓட்டையே விழுந்திருக்கும்."

"நான் அது துருவே புடிக்காதுன்னு எயுதிக் குடுக்கலியே."

சார் வந்தார். ஒரு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குங்குமத்துல இன்னாத்த கலக்குறானுங்களோ. செல்வி, எந்தக் கடைல வாங்கின?"

"எப்பவும் வாங்குற கடைதான் சார். என் நெத்தில துருவா புடிச்சிக் கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். சாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாளான்னிக்கி வரைக்கும் டைம். காரணம் தெரியலன்னா நானூத்தி இருபதுக்குப் போயிடறோம். பெங்களூருக்கு நான் பேசிக்கிறேன்."

குங்குமத்தின் மேல் பழி போட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த நாட்டில் விற்கிற எந்தக் கத்தியும் வருடத்துக்கு ஒரு நாள் பொட்டு வைத்துக்கொள்ளத்தான் போகிறது. எலுமிச்சம்பழமும் வெட்டத்தான் போகிறது. அதைத் தாங்காத கத்தி சட்டைப்பைக்கு ஆகாது.

நாற்பதையும் துடைத்து என் மேசையில் வரிசையாக வைத்தேன். முப்பத்துமூன்றில் துரு. ஏழில் இல்லை. அந்த ஏழிலும் பொட்டு வைத்திருந்தது; சந்தனத்தின் தடம்கூட இருந்தது. ஆனால் அடியில் பிளேடு பளிச்சென்று இருந்தது. கத்தியைப் பாதி மடக்கி அச்சாணிப் பக்கம் பார்த்தேன். ஏழிலும் 'ஏ'. துருப் பிடித்த முப்பத்துமூன்றிலும் 'பி'.

இரண்டும் ஒரே எஃகுத் தகட்டிலிருந்து வெட்டியவை. ஒரே கிரைண்டர், ஒரே பாலிஷ். மறுபடி ராக்வெல் மெஷினில் வைத்தேன். 'ஏ' ஐம்பத்தெட்டு. 'பி' ஐம்பத்தெட்டு.

தற்செயலாக இருக்கலாம் என்ற எண்ணத்தையும் தீர்த்துவிட, பொட்டு வைக்காத கத்திகளில் ஒரு 'ஏ'யும் ஒரு 'பி'யும் எடுத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி என் டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன். 'ஏ' சுத்தமாக இருந்தது. 'பி' துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. செல்வி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதுலயா நீ இனிமே சோறு எடுத்துக்கினு வருவே?"

"வேற வாங்கணும் அக்கா."

5. பாய் கேட்ட கேள்வி

'ஏ', 'பி' இரண்டு லாட்டுக்கும் வேறாக இருந்தது உலை மட்டும். அன்று பிற்பகலே பாயிடம் போனேன். நான் கூட இருந்து பார்க்காத அந்த நூறு பிளேடுகளை எப்படிப் போட்டார் என்று கேட்டேன்.

"எப்பிடிப் போடுவாங்க? ரெகுலர் லோடோட போட்டேன். தனசேகர் டை இருந்துச்சு, இன்னும் ரெண்டு பார்ட்டியோட பஞ்ச் இருந்துச்சு. எல்லாம் ஒண்ணா ஐந்நூத்திப் பத்துல."

"நான் இருநூறுதானே கேட்டேன் பாய்?"

"எப்பக் கேட்ட?"

"மொத தடவை."

"மொத தடவை நீ நின்ன, கேட்ட, போட்டேன். ரெண்டாவது தடவை கார்டுதான் வந்துச்சு." மேசை டிராயரைத் திறந்து என் கார்டை எடுத்து முன்னால் வைத்தார். "இதுல இன்னா எய்திக் கீது? ஐம்பத்தேயு டு ஐம்பத்தொம்போது. வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"அப்பால இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. டெம்பரிங் சூடு ஏற ஏற எஃகின் கடினத்தன்மை குறையும். ஆனால் இந்த வகை எஃகில் ஐந்நூறு டிகிரிக்குப் பக்கத்தில் அது மறுபடி ஏறும். வரைபடத்தில் ஒரு பள்ளமும் ஒரு மேடும் தெரியும். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருநூறிலும் ஐம்பத்தெட்டு வரலாம். அந்தப் பக்கம் ஐந்நூறிலும் ஐம்பத்தெட்டு வரலாம். அந்த வளைவைப் பரீட்சையில் ஸ்கேல் வைக்காமல் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எஃகில் துருவைத் தடுப்பது குரோமியம். ஐந்நூறில் வைத்தால் அந்தக் குரோமியம் கார்பனோடு சேர்ந்து பொடிப்பொடியான துகளாகிவிடும். மிச்ச எஃகைக் காக்க அது போதாது. டை, பஞ்ச் செய்கிறவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை. அவர்கள் பொருள் எண்ணெயிலேயே வாழ்கிறது. அதனால் பாயிடம் வருகிற எல்லோருக்கும் அந்தச் சூடு சரி. எனக்கு மட்டும் சரியில்லை. அதை நான் எழுதவில்லை. முதல் தடவை கூடவே நின்றதால், எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"இந்தக் கார்ட நான் எடுத்துக்கினு போலாமா பாய்?"

"எடுத்துக்கோ. உன் கையெயுத்துதான்."

6. கார்டு

சார் அறையில் தனசேகர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நான் காரணத்தைச் சொன்னேன். எஃகில் தப்பில்லை, டெம்பரிங் ஐந்நூற்றிப் பத்தில் நடந்துவிட்டது என்றேன். இரண்டு கத்திகளையும் காட்டினேன். சார் முகம் தெளிந்தது.

"அப்ப பாய் சொதப்பிட்டாரு. அவ்ளோதானே? எஃகு நல்ல எஃகு."

"பாய் எப்பவும் அப்பிடித்தான் சார்," என்றார் தனசேகர். "எல்லாத்தையும் ஒரே உலையில போட்டுத் தள்ளிடுவாரு."

"ஆள மாத்திடலாம். அம்பத்தூர்ல பார்த்துக்கலாம்."

நான் ஒன்றும் பேசாமல் இருந்தாலே போதும் என்ற நிலை. என் எஃகு பிழைத்துவிடும். என் பெயரும் பிழைத்துவிடும். கார்டு என் பையில்தான் இருந்தது. கேட்பவர் யாரும் இல்லை. மாறாக, கார்டைக் காட்டினால், இவள் எழுதுவதை நம்ப முடியாது என்று ஆகிவிடும். எழுதியதை நம்பித்தான் சார் அந்த எஃகையே ஏற்றுக்கொண்டார்.

கார்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பாய் கார்டுல இருந்தத செஞ்சிருக்காரு சார். டெம்பரிங் எவ்ளோன்னு நான் எழுதல."

சார் கார்டைப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நூறு பிளேடு," என்றார்.

"ஆமா சார்."

"படிச்ச பொண்ணு. ஒரு வரி."

"ஆமா சார்."

தனசேகர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் கார்டை என் பக்கம் தள்ளினார். "பெங்களூருக்குப் பதினஞ்சு கத்திதான் கேட்டுக் கீறாங்கோ. ஏ லாட்டுலருந்து அனுப்பு. ஆனா ஆர்டர் வந்தா மாசம் அறுநூறு பிளேடு. நீ சொல்ற சூட்டுல பாய் அறுநூறும் தனியாப் போட்டுத் தருவாரா? சனிக்கியமைக்குள்ள எயுதி வாங்கிக்கினு வா. இல்லன்னா நானூத்தி இருபதுதான். அதுக்கு அப்பால இதப்பத்தி யாரும் பேசக் கூடாது."

"அம்பத்தூர்ல சார்?"

"அம்பத்தூருக்கு உன் மொண்ண கார்ட நம்பி லாரி அனுப்பச் சொல்றியா?"

அதுவும் நியாயம்தான்.

7. வட்டத் தாள்

சனிக்கிழமை காலை பாயிடம் போனேன். அவர் முதலிலேயே மாட்டேன் என்றார்.

"முடியாதும்மா. ஐந்நூறுல ஓடுற உலைய இருநூறுக்கு எறக்கணும்னா அரை நாள் ஆவும். அப்பால திரும்ப ஏத்தணும். டை பார்ட்டியெல்லாம் வாசல்ல நின்னு என் தலைமேல ஏறுவான். சின்ன ஓவன்ல இருபது இருபதாப் போட்டா எனக்கு முப்பது தடவை. ஆளு கெடயாது."

"புரியுது பாய்."

கிளம்பவும் தோன்றவில்லை, நிற்கவும் காரணம் இல்லை. பாய் டீ சொன்னார். பிறகு கேட்டார்:

"தனசேகர் வந்தான். உங்க மொதலாளி என்ன மாத்தறேன்னு சொன்னாராமே? நீ கார்ட எடுத்து மேசையில போட்டியாமே?"

"ஆமா பாய்."

"ஏன்? உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. ஆனா அதுல என் கையெழுத்து இருந்துச்சு."

டீ வந்தது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். உலையின் சூட்டைப் பதிவு செய்யும் வட்டத் தாள்களை அங்கே ஆணியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். வாரத்துக்கு ஒரு தாள். பேனா முள் தானாகவே கோடு போடும். எல்லாத் தாளிலும் கோடு வெளி ஓரத்தில், ஐந்நூற்றிப் பத்தில், சுற்றிச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் மட்டும் நடுவிலிருந்து கிளம்பி ஓரத்துக்கு ஏறியது. கீழே இருந்த தாளைத் தூக்கிப் பார்த்தேன். அதிலும் அதே இடம். அதற்கும் கீழே, அதிலும்.

"இது எந்த நாள் பாய்?"

"திங்கக்கியமை. ஞாயித்துக்கியமை உலைய அணைச்சிடுவோம்ல. திங்க காலைல ஏயு மணிக்குப் போடுவோம்."

"அப்ப அது இருநூறத் தாண்டித்தானே ஐந்நூறுக்குப் போவுது?"

பாய் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"எட்டு மணிக்கு இருநூறு வரும்," என்றார்.

"ரெண்டு மணி நேரம் அங்கயே நிறுத்துங்க. பத்து மணிக்கு என் பிளேட எடுத்துடறேன். அப்பால நீங்க மேல ஏத்திக்கலாம். எறக்க வேண்டிய வேலையே இல்ல. வாரத்துக்கு நூத்தம்பது பிளேடு."

"சுட்டு முக்கின ஒடனே டெம்பர் பண்ணணும். திங்க காலைல எப்பிடி சுடுவ?"

அது எனக்குத் தெரியும். ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கும் உப்பு உலையை அவர் ஞாயிற்றுக்கிழமையும் அணைப்பதில்லை. உள்ளே இருக்கும் உப்பு உறைந்தால் திரும்ப உருக்க ஒரு நாள் போய்விடும். "அது எப்பவும் கொதிச்சிக்கினுதானே இருக்கு? ஆறு மணிக்கு நான் வந்துடறேன்."

"ரெண்டு மணி நேரம் என் ஆளுங்க இன்னா பண்ணுவானுங்க?"

"நாஷ்டா சாப்பிடட்டும்."

பாய் சிரிக்கவில்லை. உள்ளே போய் லெட்டர்பேடு எடுத்து வந்தார். "இன்னா எயுதணும்னு நீயே சொல்லு. இந்த வாட்டி எல்லாத்தையும் சொல்லு," என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எஃகு, சுடும் சூடு, முக்கும் எண்ணெய், டெம்பரிங் இருநூறு டிகிரி, இரண்டு மணி நேரம், வேறு எந்த லோடோடும் சேர்க்கக் கூடாது, முடிவில் கடினத்தன்மை. கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து.

சார் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் போட்டார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. இனி என் ஜாப் கார்டு ஒவ்வொன்றிலும் தனசேகரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஓர் உத்தரவு மட்டும் போட்டார். அது எனக்கு வலித்தது. இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் கத்தியை ஏற்றுக்கொண்டார்கள்.

வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். மெஷின் காட்டும் எண், பொருள் எங்கே வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்லும். எந்த வழியாக வந்தது என்று சொல்லாது. உங்கள் பொருளுக்கு வழி முக்கியம் என்றால் அதைக் கார்டில் எழுதுங்கள். பக்கத்தில் நின்று பார்த்த வேலையாக இருந்தால் இன்னும் கவனமாக எழுதுங்கள். நிற்கிறபோது எல்லாம் சரியாக நடப்பதால்தான் எழுத மறக்கிறோம்.

திங்கட்கிழமைகளில் முதல் ரயிலைப் பிடித்து ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போய்விடுகிறேன். எட்டுக்கு உலையின் முள் இருநூறில் நிற்கிறது. ஒன்பது மணி வாக்கில் தனசேகர் தன் டைகளை டூவீலரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, உலை எனக்காக நிற்பதைப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா உன் கத்தி வேவும்?"

"பத்து மணி வரைக்கும் அண்ணே."

"ஒரு அரை மணி நேரம் முன்னாடி எடுத்தா இன்னா ஆயிடும்?"

"கார்டுல ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு, பாருங்க."